பாதிச் சுவர்

ஒரு சுவரில் பாதி மட்டும் ஒருவருக்குச் சொந்தமாக இருக்க முடியுமா? நீளத்தில் பாதி என்றால் புரிகிறது. சட்டம் சொல்வது கனத்தில் பாதி. இரண்டு வீடுகளுக்கு நடுவில் நிற்கும் சுவரில் செங்கல்லின் மையம்வரை இவருக்கு, அதற்கப்பால் அவருக்கு. பல்லக்கா தன் கிரயப் பத்திரத்தில் அந்த வரியை வாசித்தபோது சிரித்துவிட்டாள். அந்தப் பக்கத்துப் பாதி அவள் தங்கையுடையது. இதில் பிரிக்க என்ன இருக்கிறது?

பல்லக்கா என்பது அந்த அடுக்குமாடியில் எல்லோரும் வைத்த பெயர். பல் செட் செய்யும் கூடத்தில் அவளுக்கு வேலை. மெழுகில் ஈறு வடித்து, பல் பல்லாக நட்டு, மேலும் கீழும் சரியாகக் கடிக்கிறதா என்று பார்ப்பாள். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டவர்களிடம், "எல்லார் வாயையும் பாத்தாச்சு, போதும்" என்றாள். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

தங்கைக்குக் கால்கள் மரத்துப்போய், எழுந்து வாசல் கதவைத் திறக்கவும் முடியாமல் போனது. அவள் கணவர் பேருந்து ஓட்டுநர். வேலை முறை மாறிமாறி வரும். மனைவி பாதி நேரம் தனியாகக் கிடந்தாள். ஒருநாள் பல்லக்கா கொத்தனாரைக் கூட்டிவந்து நடுச்சுவரில் வழி வெட்டினாள். பழைய மரக்கடையிலிருந்து ஒரு கதவும் வந்தது. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. இரண்டு பாதியும் நம்முடையது, பிறகு யாரைக் கேட்பது என்று மூவருமே நினைத்தார்கள். நடுச்சுவரில் கை வைக்கக் கட்டடத்துச் சங்கமும் நகராட்சியும் சம்மதிக்க வேண்டும் என்பது அவர்கள் மனதில் படவே இல்லை.

"பல்லு கட்டுற கையால சுவரை இடிச்சிட்டியே" என்று தங்கை படுத்தபடியே கேலி செய்தாள்.

கதவின் கீல் கிறீச்சிட்டது. எண்ணெய் போடப் போனவளைத் தங்கை தடுத்துவிட்டாள். சத்தம் கேட்டால்தான் ஆள் வருவது தெரியுமாம். அதன் பிறகு அது தினசரி வழக்கமாயிற்று. விடிந்ததும் கீல் கிறீச்சிடும், "வந்துட்டியா?" என்று குரல் வரும். "இல்ல, இன்னும் வரல" என்றபடி பல்லக்கா காபியோடு உள்ளே போவாள்.

தங்கை போய்ச் சேர்ந்த பிறகும் பல்லக்கா அந்தக் கதவைத் திறப்பதை நிறுத்தவில்லை. விடிந்ததும் தங்கை கணவருக்குக் காபி கொண்டுபோய் மேசையில் மூடி வைத்துவிட்டு வருவாள். அதை அன்பு என்று சொல்ல எனக்குத் தயக்கம்தான். பழக்கம் எங்கே முடிந்து அன்பு எங்கே தொடங்குகிறது என்பதற்கு எந்தப் பத்திரத்திலும் எல்லை வரையவில்லை.

பிறகு அவர் வீட்டை விற்க முடிவு செய்தார். வாங்க வந்தவருக்குக் கடன் தரும் வங்கியிலிருந்து ஒரு பொறியாளர் வந்து, அனுமதி பெற்ற வரைபடத்தை விரித்துக்கொண்டு கதவின் முன் நின்றார். வரைபடத்தில் அங்கே சுவர் இருந்தது. வரைபடப்படி வீடு இல்லையென்றால் கடன் இல்லை. கடன் இல்லையென்றால் விற்பனையும் இல்லை.

சங்கச் செயலாளர், ஓய்வுபெற்ற ஆசிரியர், பல்லக்காவிடம் வந்து உட்கார்ந்தார். அந்தக் கதவு அவருக்குத் தெரியாததல்ல. நோயாளியைப் பார்க்க வந்தபோதெல்லாம் கதவில் தொங்கிய காலண்டரை மட்டும் பார்த்துவிட்டுப் போன மனிதர். வழியை அடைத்தால்தான் சங்கம் தடையில்லாச் சான்று தர முடியும் என்று அவர் விளக்கினார். ஆனால் சுவர் இருவருடையது. அவள் கையெழுத்து இல்லாமல் கொத்தனார் ஒரு கல்லும் வைக்கக் கூடாது.

"ஊர்ல இருக்கிற பொக்கை வாயையெல்லாம் அடைக்கிற. இதை அடைக்க மாட்டேங்கிறியேம்மா."

"பாக்கலாம் சார்" என்றாள் அவள்.

பார்க்கலாம் என்றே வாரங்கள் ஓடின. வாங்குபவர் வேறு வீடு பார்க்கத் தொடங்கிவிட்டதாகப் பேச்சு வந்தது. அவள் யாரோடும் சண்டை போடவில்லை. கையெழுத்துதான் போடவில்லை. விடியற்காலைக் காபியும் நிற்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்கை கணவர் அந்தக் கதவு வழியாகவே வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கண்கள் சிவந்திருந்தன. விற்பதைப் பற்றி அவளே கேட்டாள்.

"இந்த வீடு உங்களை என்ன செஞ்சுது தம்பி?"

"வீடு ஒண்ணும் செய்யல அக்கா." அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார். "காலைல கீல் சத்தம் கேக்குதா, உடனே 'வந்துட்டியா'ன்னு அவ கேப்பான்னு காது காத்துக்கிட்டு இருக்கு. தினமும். அப்புறம் தூக்கம் வர்றதில்ல. போன வாரம் வண்டி ஓட்டும்போது கண்ணு சொருகிடுச்சு. பின்னாடி அத்தனை பேர் உக்காந்திருந்தாங்க."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"நீங்க வர்றதை எப்படி நிறுத்தச் சொல்றது?"

அந்தக் குரலுக்காகத் தானும் காத்திருந்ததை அவள் சொல்லவில்லை. கிறீச்சிட்ட பிறகு ஒரு கணம் படியிலேயே நின்று, எந்தக் குரலும் வராது என்பதை உறுதி செய்துகொண்டுதான் அவளும் தினமும் உள்ளே போயிருக்கிறாள். செயலாளர் விட்டுச் சென்ற தாளை எடுத்துவந்து, தங்கை கணவர் முன்னாலேயே கையெழுத்துப் போட்டாள்.

கொத்தனார் அந்தப் பக்கமிருந்து செங்கல் வைத்து வந்தார். கடைசி வரிசை ஏறியதும், நிலையையும் கதவையும் கழற்ற இந்தப் பக்கம் வந்தார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றாள் பல்லக்கா. அவர் குழம்பிப்போய்ச் செயலாளரை அழைத்தார். செயலாளர் வந்து பார்த்தார். சுவர் முழுமையாக நின்றது. அதன் முன்னால் அவள் வீட்டுக்குள் என்ன நின்றாலும் சட்டத்துக்கு அதில் பேச்சில்லை.

"சுவருக்கு எதுக்கும்மா கதவு?" என்று மெல்லக் கேட்டார்.

காபி ஆறிவிடும், குடியுங்கள் என்றாள் அவள்.

தங்கை கணவர் போனார். பக்கத்து வீட்டுக்குப் புதிய குடும்பம் வந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை பல்லக்கா ஸ்டூல் போட்டு ஏறி, கதவின் மூன்று கீல்களுக்கும் எண்ணெய் விட்டாள். சத்தமே இல்லாமல் ஆகும்வரை, செங்கல்லுக்கு முன்னால் அந்தக் கதவைத் திறந்து திறந்து மூடினாள்.