வளையம் இல்லாத சிவப்புக் குருவி

குளிர்நாட்டில், புருசெத் என்ற நகர்ப்பகுதியில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் தனியாக இருந்தார். ஒரு தை மாதம், வடகோடி ஊரான ஹம்மர்பெஸ்டில் இருக்கும் மகளிடம் ஒரு கிழமைக்குப் போகும்போது வீட்டுத் திறப்பை என்னிடம் தந்தார்.

“ஒரு கனேரி வளர்க்கிறன், தங்கச்சி. இந்த இனிப்பு மாவைத் தண்ணியிலை கரைச்சு வைச்சால் காணும். ஜன்னல் சீலையை மட்டும் திறந்திடாதேங்கோ.”

கனேரி தானியம் தின்னும் குருவி. அதற்கு எதற்கு இனிப்புத் தண்ணீர், எதற்கு மூடிய ஜன்னல்? கேட்பதற்குள் லிஃப்ட் மூடிக்கொண்டது.

கூண்டில் இருந்தது விரல் நீளக் குருவி. தலையும் நெஞ்சும் நல்ல சிவப்பு, சிறகு கறுப்பு, வளைந்த மெல்லிய அலகு. தேன்சிட்டு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்த மினுமினுப்பு இல்லை. அது குடிப்பதைத் தொலைபேசியில் பிடித்து மெதுவாக ஓடவிட்டேன். நாக்கின் நுனி தூரிகை போலப் பிரிந்திருந்தது.

நூலகத்துப் பறவைப் புத்தகத்தில் அது அகப்பட்டது. ஆஸ்திரேலியாவிலும் அதையொட்டிய தீவுகளிலும் வாழும் தேனுண்ணி இனம். தேன்சிட்டுக்கு நெருங்கிய உறவில்லை. பூத்தேனை நம்பி வாழ்ந்து இரண்டும் ஒரே சாயலுக்கு வந்தவை. தேனோடு சிறு பூச்சிகளும் தின்னும் என்றிருந்தது.

அவருடைய குசினியில் வாழைப்பழத் தோலில் சிறு ஈக்கள் மொய்த்த போத்தல் ஒன்றைக் குப்பை என்று எறியப் பார்த்திருந்தேன். அது குருவியின் சாப்பாடு! மனிதர் தெரிந்துதான் வளர்க்கிறார். கூண்டில் பிறக்கும் குஞ்சுகளுக்குக் காலில் வளையம் போடுவார்கள். இதன் கால்கள் வெறுமையாக இருந்தன.

அவர் திரும்பி வந்ததும் கேட்டேன்.

“அண்ணை, இது கனேரி இல்லை. காட்டிலை பிடிச்ச குருவி.”

அவர் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. “ஆரிட்டையும் சொன்னனீங்களோ?”

“இன்னும் இல்லை. காலிலை வளையம் இல்லையே?”

“ஓம். நானும் பார்த்தனான். பார்த்திட்டுத்தான் வாங்கினனான்.” கூண்டிலிருந்த தண்ணிக் கிண்ணத்தை எடுத்தார். “நாளைக்கு நானே அதிகாரியளோடை கதைக்கிறன்.”

நான் நம்பவில்லை. மறுநாள் வேலைக்குப் போகாமல் ஜன்னலோரம் நின்றேன். பத்து மணிபோல ஒரு வாகனம் வந்தது. கூண்டைத் தன் குளிர்ச்சட்டையால் போர்த்தி அவரே கீழே தூக்கிப்போனார். இறங்கிய பெண் ஏதோ தாளில் கையெழுத்து வாங்கினாள்.

வெளிநாட்டில் ஒரு பறவைப் பூங்காவுக்குக் கொண்டுபோவதாகப் பிறகு சொன்னார். தலையாட்டினேன். நான் சொல்லிவிடுவேன் என்ற பயத்தில் கூப்பிட்டாரா, குருவிக்காகக் கூப்பிட்டாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. வந்த வாகனம் உண்மையிலேயே அதிகாரிகளுடையதுதானா என்றும் சில நாட்களில் எனக்கு மனதில் ஓடும்.