கிழக்குத் தெருவின் ஒரே நம்பர்

கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கிழக்குத் தெருவில், இருபத்தேழு பேருடைய ஆதார் அட்டைக்கு ஒரே ஒரு போன் நம்பர். அது செல்வராணியின் நம்பர்.

எல்லாம் அவள் புருஷன் நாகராசு செய்த வேலை. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் சிங்கப்பூரிலிருந்து வந்தவன், பெண்டாட்டிக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். தெருவில் வேறு யாரிடமும் போன் கிடையாது. ஆதாருக்குப் படம் பிடிக்க வந்தவர்கள் நம்பர் கேட்டபோது, ஒருத்தர் பின்னால் ஒருத்தராக எல்லோரும் அவள் நம்பரையே சொன்னார்கள். பிறகு கேஸ், பேங்க், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று எல்லா இடத்துக்கும் அதுவே ஆனது. செல்வராணி என்ற பேர் போய் 'போன் வீட்டுக்காரி' ஆனாள். அவளுக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமைக்குப் பின்னால் இவ்வளவு வேலை கிடக்கும் என்று யார் கண்டது?

இன்றைக்கு ஆளுக்கொரு போன் இருக்கிறது. ஆனால் நம்பரை மாற்ற ஆலங்குடி ஆதார் சென்டருக்குப் போய் ஒரு நாள் கூலியை விட யாருக்கும் மனசு வரவில்லை. செல்வராணி எங்கே போய்விடப் போகிறாள்? மல்லிகைக் கொல்லையில் பூ எடுத்துக்கொண்டிருக்கும்போதே மெசேஜ் வர ஆரம்பித்துவிடும். பூவை மார்க்கெட்டில் இறக்குவதற்குள் நாலு பேர் ஓடிபி கேட்டுக் கூப்பிட்டிருப்பார்கள். மகள் பிரசவ வலியில் கத்திக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, பக்கத்து வீட்டுப் பொற்கொடியின் சிலிண்டருக்கு நம்பர் வாசித்தவள் அவள்.

யார் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டது, யாருடைய முதியோர் பென்ஷன் நின்றுபோனது எல்லாம் அவளுக்குத்தான் முதலில் தெரியும். உரியவரிடம் மட்டும் சொல்வாள். மற்றவரிடம் மூச்சு விட மாட்டாள். அந்த ஒரு நல்ல பேரைத்தான் அவள் சேர்த்து வைத்திருந்தாள். போன ஆடியில் அதுவும் போனது.

எதிர் வீட்டு மூக்காயிக்கு மாரில் கட்டி. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்கேன் தேதி செல்வராணியின் போனுக்கு வந்தது. மூக்காயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாசித்துச் சொன்னதும் அவள் செல்வராணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மகன் சேவுகனுக்குத் தெரிந்தால் துபாய் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவான், யாருக்கும் தெரியக் கூடாது என்றாள்.

பத்தே நாளில் சேவுகன் வந்து இறங்கினான். மூக்காயி நடுத்தெருவில் நின்று, செல்வராணி வாயால்தான் என் மகன் பிழைப்பு போச்சு என்று ஏசினாள். நான் சொல்லவில்லை என்றாள் செல்வராணி. மெசேஜ் வந்த போன் இவள் கையில் இருக்கும்போது எவர் நம்புவார்? கொல்லையில் இவள் பக்கத்து வரிசைக்கு வந்தால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஓடிபி கேட்பதை மட்டும் யாரும் நிறுத்தவில்லை.

செல்வராணிக்கு அலுத்துவிட்டது. மகன் பிரவீன்குமாரிடம் சொல்லிப் புது சிம் வாங்கினாள். வீடு வீடாகப் போய், பொங்கலுக்குள் என் நம்பரை எடுத்துவிடுங்கள், போகியன்றைக்குப் பழைய சிம்மைக் கொளுத்தப்போகிறேன் என்றாள். மூக்காயி வீட்டுக்கு மட்டும் போகாமல் பொற்கொடியிடம் சொல்லியனுப்பினாள். தெரு முணுமுணுத்தது, ஆனாலும் ஆலங்குடிக்குப் போனது. மார்கழி முடிவதற்குள் இருபத்தாறு பேர் மாற்றிவிட்டார்கள்.

போகிக்கு முந்தின நாள் மத்தியானம் போன் அடித்தது. ஆலங்குடி ஆதார் சென்டரில் வேலை பார்க்கும் பெண். மூக்காயி என்று ஒருவர் நம்பர் மாற்ற வந்திருப்பதாகவும், புது நம்பரைக் கேட்டால் பழையதையே திரும்பத் திரும்பச் சொல்வதாகவும், இவளிடம் பேச வேண்டுமாம் என்றும் சொன்னாள்.

அந்தப் பெண் போனைக் கைமாற்றினாள். பிறகு மூக்காயி பேசினாள்.

"நீ சொல்லலைன்னு எனக்குத் தெரியும் செல்வராணி. எம் மருமக அரிசி டிரம்முக்குள்ள ஸ்கேன் கவரப் பாத்துருக்கா. அவதான் அவனுக்குச் சொன்னது. ஐப்பசியிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒம் மூஞ்சியில முழிக்க வெக்கமா இருந்துச்சு."

ஐப்பசியிலிருந்து மூன்று மாதம். செல்வராணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தெருவே கேட்க ஏசியவள் இதை மட்டும் ஆலங்குடியில் நின்றுகொண்டு போனில் சொல்கிறாள்.

"அதத் தெருவுல நின்னு சொல்லுங்க அத்தை."

"சொல்றேன். எல்லார் முன்னாடியும் சொல்றேன். இப்ப நான் சொல்றதக் கேளு. ஆபரேசன்ல எடுத்த கட்டி மறுபடி வந்துருக்கு. சேவுகன் போன வாரந்தான் துபாய்க்குத் திரும்பிப் போனான். வீட்டுல எம் நம்பரக் குடுக்கச் சொல்லி அனுப்புனாக. எம் போன எல்லாரும் நோண்டுறாக. தேதி ஒனக்கு வந்தா ஒன்னோட நின்னுரும்."

செல்வராணிக்கு முடியாது என்று சொல்ல வாய் வரை வந்தது. இனி தஞ்சாவூர்த் தேதி வரும். அதை இவள்தான் வாசிக்க வேண்டும், தெரிந்தும் தெரியாதவள் மாதிரி அந்த மருமகளைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அழுகையாக வந்தது. மூக்காயிக்காகவா தனக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை.

"போன அந்தப் புள்ளைக்கிட்டக் குடுங்க அத்தை" என்றாள்.

சென்டர் பெண் போனை வாங்கி, என்ன செய்யட்டும் என்று கேட்டாள்.

"மாத்த வேணாம்மா. அது அவுக நம்பருதான்."