துருத்தி போட்டவளின் இசைத்தட்டு

என் வீட்டுக்காரர் ஆர்கன் வாசித்தார் என்று ஊரே சொல்லும். அதற்குக் காற்று கொடுத்தது யார் என்று ஒரு ஜென்மமும் கேட்டதில்லை. எங்கள் வேலூர் சர்ச்சின் பழைய ஆர்கனுக்கு மோட்டார் கிடையாது. பின்பக்கம் ஒரு ஆள் நின்று, கம்பை ஏற்றி இறக்கித் துருத்தி போட்டால்தான் குழாய்களில் சத்தம் வரும். கல்யாணமானதிலிருந்து அந்த ஆள் நான்தான். துருத்தி கிழிந்தால் ஒட்டுப்போட, பக்கத்து வீட்டு பாய் தன் தோல் மண்டியிலிருந்து மெல்லிய ஆட்டுத்தோல் தருவார்.

இவர் வாசிப்பைப் பதிய மதராஸிலிருந்து இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் மெழுகுத் தட்டுகளோடு வந்தார். என் கண்ணாடி வளையல் சத்தமும் பதிந்துவிடுமாம், கழற்றச் சொன்னார். இவர் விடவில்லை. தன் கைக்குட்டையால் வளையல்களைச் சுற்றிக் கட்டிவிட்டார். பாட்டு முடியப்போகிற நேரம் என் முந்தானை கம்பில் மாட்டிக்கொண்டது. காற்று இறங்கி ஆர்கன் முனகியது.

"காத்து விடுடீ, கழுத!" என்று இவர் கத்தியதும் தட்டில் பதிந்துவிட்டது.

கம்பெனிக்காரர் அதைப் போட்டுக் காட்டினார். மெழுகுத் தட்டை ஒரு தடவை கேட்டால் தேய்ந்துவிடும், அப்புறம் உதவாது என்றார். கர்த்தரின் துதிப்பாட்டு நடுவே கழுதை! மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு அவர் அந்த மெழுகை வழவழவென்று சீவிவிட்டு, மறுபடி பதிந்தார். இந்தத் தடவை நான் முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டேன்.

அந்த இசைத்தட்டைக் கேட்டுத்தான் இவரை மதராஸ் கதீட்ரலுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே புது ஆர்கன், கரண்டு மோட்டார். அதிலும் இரண்டு தட்டு பதிந்தார். ஞாயிறு அங்கே வாசித்துவிட்டுத் திங்கட்கிழமை ரயிலில் வீடு வந்ததும், "மோட்டாரு ஜோராத்தான் ஊதுது. திட்டறதுக்குத்தான் ஆளில்ல" என்பார். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

அப்படி ஒரு திங்கட்கிழமை காய்ச்சலோடு வந்தார். அந்த வாரமே போய்விட்டார்.

போட்டோ இருக்கிறது, கோட்டு இருக்கிறது, மூன்று இசைத்தட்டு இருக்கிறது. எனக்கு வேண்டியது அவர் குரல். அதுதான் எங்கேயும் இல்லை. ஆர்கன் பேசுமா, "ஏண்டி சாப்ட்டியா" என்று கேட்குமா?

எங்கள் வீட்டில் கிராமபோன் இல்லை. பாய் வீட்டுக்குப் போய், வேலூரில் பதிந்த தட்டை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொல்வேன். பாயின் மனைவி முகம் சுளிக்காமல் சாவி கொடுப்பாள்.

"இன்னாக்கா, எப்பவும் இதே தட்டு? அண்ணன் எவ்ளோ நல்லா வாசிச்சிருக்காரு! ஒரு பிசகு இல்ல."

"அதாம்மா பேஜாரு" என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

பாட்டு முடியப்போகிறது. அன்றைக்கு முந்தானை மாட்டிய அந்த இடம் வருகிறது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறேன். ஆர்கன் கொஞ்சமும் இறங்காமல் முழங்குகிறது. பாவி நான், அவர் வாயைத் திறக்க ஒரு காரணமும் வைக்காமல் துருத்தி போட்டிருக்கிறேன்.