ஆண்டவருக்கு அடித்த பச்சைப் பெயிண்ட்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து வருத்தப்பட வேண்டாம்: நான் ஒரு முட்டாள். சாதாரண முட்டாள் இல்லை. ஆண்டவர் வந்து தங்கப்போகும் வீட்டுக்குத் திருட்டுப் பெயிண்ட் அடித்தவன். அதையும் சோற்றுப் பாத்திரத்தில் கடத்திவந்து அடித்தவன்.

போன வாரம் மகன் வீட்டு ஜன்னல் கம்பிகளுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். டப்பாவை நெம்பித் திறந்ததும் டர்பன்டைனும் எண்ணெயும் கலந்து ஒரு வாசனை வந்தது பாருங்கள், எனக்கு உடனே புளிக்குழம்பு ஞாபகம் வந்துவிட்டது. மருமகள் ஒரு மாதிரிப் பார்த்தாள். எழுபதுகளின் நடுவில் பதினோரு நாள் நான் தின்ற குழம்பெல்லாம் அந்த வாசனையோடுதான் இருந்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அப்போது கும்மிடிப்பூண்டிப் பக்கம் பம்பு செட் செய்யும் பாக்டரி ஒன்றில் நான் பிட்டர். கவரைப்பேட்டையில் ஓட்டு வீடு, ஒரு சைக்கிள், கல்யாணமாகி முதல் வருஷம். ரோஸிக்கு ஒரே ஆசை, வீட்டில் இயேசுவின் திருஇருதயப் படம் ஸ்தாபிக்க வேண்டும். கடையில் வாங்கி ஆணியடித்து மாட்டுகிற சமாசாரம் இல்லை அது. பங்குச் சாமியார் வந்து மந்திரிப்பார். வீட்டிலுள்ளவர்கள் முழந்தாளிட்டு, இந்த வீடும் எங்கள் இருதயமும் இனி உம்முடையவை, வந்து தங்கும் என்று ஒப்புக்கொடுப்பார்கள். அதற்கு முன்னால் எல்லோரும் பாவசங்கீர்த்தனம் செய்து, அதாவது சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி, மன்னிப்புப் பெற்றிருக்க வேண்டும். மாதத்தின் முதல் வெள்ளி மாலை என்று நாள் குறித்தாயிற்று.

"சுவத்துக்கு சுண்ணாம்பு அடிச்சா போதுங்க" என்றாள்.

"வர்றது ராஜா. ராஜாவுக்கு சுண்ணாம்பா?" என்றேன். வாய் அப்போதே எனக்குப் பெரிது.

பம்புகளுக்கு அடிக்கிற பச்சை, பாக்டரியில் டிரம் டிரம்மாக இருந்தது. என்னிடம் மூன்றடுக்கு டிபன் கேரியர் இருந்தது. காலையில் சோறு, குழம்போடு போகும். மாலையில் கீழடுக்கில் பச்சையோடு திரும்பும். "கம்பெனில மீந்துது, குடுத்தாங்க" என்று ரோஸியிடம் சொல்லிவைத்தேன்.

கேட்டில் வாட்ச்மேன் ஏகாம்பரம். பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பம். வலையில் தன் பங்கைத் தம்பிக்கு விட்டுவிட்டுக் காக்கி மாட்டியவர். எல்லோர் பையையும் துழாவுவார், சாப்பாட்டுப் பாத்திரத்தை மட்டும் தொடமாட்டார். "சோத்த தொறந்து பாக்கறது அசிங்கம் நைனா" என்பார். அந்த மனுஷருடைய மரியாதையைத்தான் நான் என் சுவரில் பூசிக்கொண்டிருந்தேன்.

பதினோராம் நாள் யாரோ டிரம்மில் குச்சி விட்டுப் பார்த்துவிட்டார்கள். மறுநாள் கேட்டில் வேறு ஆள். ஏகாம்பரத்துக்குத் தெரியாமல் பெயிண்ட் எப்படிக் கேட்டைத் தாண்டும் என்று அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருந்தார்கள். அடுத்த சனிக்கிழமை விசாரணை. அதற்குள் ஆள் அகப்படாவிட்டால் அவருக்கு வேலை இல்லை. கேண்டீனில் எல்லோரும் தீர்ப்பே எழுதிவிட்டார்கள்: "அந்த ஆளுதாம்பா, வேற யாரு?" நானும் தலையாட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கழுத்து வலிக்கிறது.

வீட்டிலோ சுவர் வேறு பேஜார் பண்ணியது. சுண்ணாம்புச் சுவரில் எண்ணெய்ப் பெயிண்ட் காயாது என்று பிட்டருக்கு யார் சொன்னார்கள்? சாய்ந்தால் முதுகு பச்சை. ஒரு பல்லி பாதி வழியில் நின்று யோசித்துக்கொண்டிருந்தது. பாவம் ரோஸி, விசிறியை எடுத்துச் சுவருக்கு விசிறினாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனம். கோபப்பட்டது, பொய் சொன்னது என்று சில்லறைப் பாவங்களையெல்லாம் முதலில் இறக்கினேன். சாமியார் என்னைவிட இரண்டு வயது சின்னவர், பொறுமையாகக் கேட்டார்.

"அப்புறம், பெயிண்ட் எடுத்தேன் சாமி."

"எவ்வளவு?"

"பதினோரு கேரியர்."

மரச்சட்டத்துக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. சிரிக்கிறாரோ என்று ஒரு நப்பாசை.

"பழி யார் மேல இருக்கு?"

சொன்னேன்.

"முதல்ல அவர விடுவிச்சிட்டு வா. பாவமன்னிப்பு அப்புறம்."

"நாளைக்குப் படம் வெக்கணுமே சாமி!"

"நான் வந்துடுவேன். ஆண்டவர் வர்றது உன் கையில இருக்கு."

வெள்ளிக்கிழமை மேனேஜர் அறையின் அரைக்கதவு வரைக்கும் நான்கு தடவை போனேன். நான்கு தடவையும் திரும்பிப் பானைத் தண்ணீர் குடித்தேன். "இன்னாபா, வயிறு சரியில்லியா?" என்று பியூன் கேட்டான். சொன்னால் வேலை போகும். ரோஸிக்கு அப்போது நாலாம் மாசம். சொல்லாவிட்டால் விடிந்ததும் ஏகாம்பரத்தின் கதை முடியும். நடுவே ஒரு குறுக்கு யோசனை வேறு: இன்றைக்குப் படத்தை வைத்துவிட்டு நாளைக் காலை சொன்னால் என்ன? ஆண்டவர் ஒருதரம் குடியேறிவிட்டால் எளிதில் காலி பண்ண மாட்டாரே! அந்த யோசனையின் லட்சணத்தைப் பார்த்து எனக்கே பயம் வந்துவிட்டது. ஐந்தாம் தடவை கதவைத் தள்ளினேன்.

மேனேஜர் நம்பவில்லை. "யாரக் காப்பாத்த இந்த நாடகம்?" என்று ஜீப்பில் ஏற்றிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்தார். வீட்டில் ஊதுவத்தி, அக்கம்பக்கத்து ஜனம். ஜெபத்துக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து ரோஸி ஓடிவந்து நாற்காலி போட்டாள்.

"வாங்க சார். நீங்க குடுத்த பெயிண்டுதான் சார், எப்படி மின்னுது பாருங்க!"

அவர் உட்காரவில்லை. சுவரில் ஒரு விரலை வைத்து எடுத்தார். விரல் பச்சை. கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே, "நாளையிலேர்ந்து வர வேணாம்" என்றார். ஜீப் போய்விட்டது.

ரோஸி என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளே போய்த் தோசைத் திருப்பியை எடுத்துவந்து, இத்தனை பேர் நடுவில், படம் மாட்டவிருந்த இடத்தைச் சுரண்ட ஆரம்பித்தாள். நானும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். சுண்ணாம்பு உதிர்ந்து மண் தெரிகிற வரைக்கும் சுரண்டினோம். சாமியார் வந்தபோது எங்கள் நான்கு கைகளும் பச்சை. "சொல்லிட்டேன் சாமி" என்றேன். கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போய், மீதி வைத்திருந்த பாவமன்னிப்பைக் கொடுத்தார். சொறி பிடித்த அந்த இடத்திலேயே படம் ஏறியது.

சனிக்கிழமையே ஏகாம்பரத்தை மறுபடி கேட்டில் நிறுத்தினார்கள். ஆனால் அவர் வீட்டோடு இருந்த அந்த ஒரு வாரத்தில், அவர் தங்கைக்குப் பேசிவைத்திருந்த இடம், 'திருட்டுக் கேசு ஊட்ல பொண்ணெடுக்க மாட்டோம்' என்று கைகழுவிவிட்டது. அப்புறம் நாலு வருஷம் அந்தப் பெண்ணுக்கு எதுவும் அமையவில்லை. மன்னிப்புக் கேட்கலாமென்று ஒருநாள் போனேன். வாசலில் தங்கை உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். சைக்கிளை விட்டு இறங்காமலே திரும்பிவிட்டேன். நாளைக்கு, அடுத்த மாசம் என்றே என் ஆயுசு ஓடிவிட்டது.

போன வாரம் ஜன்னலுக்குப் பெயிண்ட் அடித்த மறுநாள் பழவேற்காட்டுக்குப் பஸ் ஏறினேன். ஏகாம்பரம் என்று விசாரித்ததும் காட்டினார்கள். படகுத்துறைப் பக்கம் நிழலில் உட்கார்ந்திருந்தார். "கவரப்பேட்ட பெயிண்டுகாரன்தான நீ?" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். சும்மா இருக்க முடியாமல், காலத்தோடு போனதையெல்லாம் அடுக்கினேன்: பாக்டரி இருந்த இடத்தில் இப்போது கன்டெய்னர்கள் நிற்கின்றன, ரோடு அகலப்படுத்தியதில் என் வீடும் அந்தச் சுவரும் போயின, அந்தச் சாமியார் இல்லை, ரோஸியும் இல்லை.

"எல்லாம் போயிடுச்சேண்ணா. என் மேல இருந்த கோவமும் போயிருக்குமில்ல?"

"அது ஒண்ணுதான் கீது."