தகர இடி

எங்கள் வீட்டு ரேடியோ பேச ஆரம்பிப்பதற்கு முன் சூடேற வேண்டும். குமிழைத் திருகிவிட்டு, முகப்பில் இருக்கும் பச்சை விளக்கு மெல்லக் கண் விழிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தையும் அக்கா வீணாக்க மாட்டாள். போன வார நாடகத்தில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதை, அவரவர் குரலிலேயே, சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்களுக்குச் சொல்லி முடித்துவிடுவாள். ரேடியோ வாயைத் திறக்கும்போது பாதி நாடகம் ஏற்கெனவே நடந்து முடிந்தது போல இருக்கும்.

தாயில்பட்டியில் அப்போது ரேடியோ இருந்த வீடுகள் குறைவு. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர். அம்மா அதே காம்பவுண்டில் இருந்த சின்ன ஆஸ்பத்திரியின் நர்ஸ். பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் எங்கள் வீடு. நாடகம் வரும் நாளில் தெருப் பெண்கள் மரச்சீவலையும் பசைக் கிண்ணத்தையும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். கை தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். காது நாடகம் கேட்கும். கதாநாயகி அழும் இடத்தில் கிண்ணத்தில் பசை காய்ந்துபோகும். அவர்களுடைய பெண்பிள்ளைகளில் பாதிப் பேர் பட்டாசுக் கம்பெனியிலோ தீப்பெட்டிக் கம்பெனியிலோ வேலை பார்த்தார்கள். வேலை விட்டு வருகிறவர்களும் வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

அப்பா பக்கத்து அறையில் செய்தித்தாளை விரித்து வைத்திருப்பார். நாடகம் என்று ஒன்று நடப்பதே தெரியாதவர் போன்ற முகம். ஆனால் அது முடியும்வரை ஒரு பக்கம்கூடத் திருப்ப மாட்டார்.

நான் சொல்ல வந்தது, அக்கா மதுரையில் பி.யு.சி. முடித்துவிட்டு விடுமுறைக்கு வந்த கோடையைப் பற்றி. அக்கா நல்ல மார்க் வாங்கியிருந்தாள். கெமிஸ்ட்ரியில் இன்னும் நல்ல மார்க். அந்தச் செய்தியை அப்பா சாத்தூர் பஸ்ஸில் ஏறிய முன்பின் தெரியாதவர்களிடம்கூடச் சொல்லிவிட்டார் என்று நினைக்கிறேன். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி என்று அவர் முடிவு செய்துவிட்டார். கெமிஸ்ட்ரி படித்த டீச்சர் கிடைக்காமல் எத்தனையோ பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, படிப்பை முடித்த மறுநாளே வேலை என்பது அவருடைய கணக்கு. அது தப்பான கணக்கும் இல்லை.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா சாதாரணமாகச் சொன்னாள். "நான் பி.ஏ. தமிழ் சேரப் போறேன்ப்பா. ரேடியோவுக்கு நாடகம் எழுதணும்."

அப்பா சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"நாடகம் கேக்குறது பொழுதுபோக்கு. அதை யாரும் படிப்புன்னு சொல்ல மாட்டாங்க."

"கேக்குறது பொழுதுபோக்குதான். எழுதுறது வேலை."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு வாரம் வேறு பேச்சு இல்லை. அக்கா அழவில்லை, பட்டினி கிடக்கவில்லை, கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. அப்பா எந்த அறைக்குப் போனாலும் பின்னாலேயே போய், விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தாள். அப்பா குளிக்கப் போனால் வெளியே நின்று பேசினாள். அம்மா மட்டும் எந்தப் பக்கமும் பேசவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள்.

கடைசியில் அக்காவே ஒரு பந்தயம் கொண்டுவந்தாள். விடுமுறையில் பிள்ளைகளுக்கு நடத்தும் வேதப் பள்ளி முடியும் நாளில், பள்ளிக்கூட ஹாலில் அவள் ஒரு நாடகம் போடுவாள். ரேடியோ நாடகம் போலவே, ஆள் தெரியாது. திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும்தான். வந்தவர்கள் கடைசிவரை உட்கார்ந்து கேட்டால் பி.ஏ. தமிழ். நடுவில் எழுந்து போனால் கெமிஸ்ட்ரி.

அப்பா உடனே ஒப்புக்கொண்டார். எங்கள் ஊர் ஜனங்களைப் பற்றி அவருக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது. போதகருடைய பிரசங்கத்துக்கே பாதியில் எழுந்து வெற்றிலை துப்பப் போகிறவர்கள், ஒரு சேலைத் திரையை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பது அவர் எண்ணம்.

நாடகத்தை அக்காவே எழுதினாள். வைப்பாற்றில் வெள்ளம். காய்ச்சலில் கிடக்கும் குழந்தையை ஒரு தாய் மாட்டு வண்டியில் போட்டு, கொட்டும் மழையில் ஆற்றைக் கடந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறாள். வண்டிக்காரன் ஆற்றில் இறங்கப் பயப்படுகிறான். அவ்வளவுதான் கதை. தாய், வண்டிக்காரன், குழந்தை எல்லாருக்கும் அக்காவே குரல். சத்தங்கள் எல்லாம் என் பொறுப்பு.

அந்த வயதில் எனக்கு இவ்வளவு பெரிய பதவி கிடைத்ததில்லை. முறத்தில் சோளத்தைப் போட்டு மெதுவாகச் சாய்த்தால் மழை. வேகமாகச் சாய்த்தால் பெருமழை. வாளித் தண்ணீரில் கையை விட்டு அளைந்தால் ஆறு. எதிர் வீட்டு மாட்டின் கழுத்து மணியைக் கேட்டு வாங்கி வந்தோம், அது வண்டி. இடிதான் சரியாக வரவில்லை. தாம்பாளத்தைத் தட்டிப் பார்த்தோம், அது கோயில் மணி போல ஒலித்தது. பிறகு அக்கா, ரோடு போட்டவர்கள் விட்டுப்போன காலி தார் டிரம் ஒன்றை உருட்டி வந்து, அதன் வாயில் ஒரு பழைய கூரைத் தகரத்தைப் போட்டு, என் கையில் உலக்கையைக் கொடுத்தாள். வீட்டு முற்றத்தில் மெதுவாக அடித்துப் பார்த்தபோதே கோழிகள் பறந்தன.

"நாடகத்தன்னைக்கு இப்படித் தடவிக் குடுத்துட்டு இருக்காத. ஓங்கிப் போடு. கேக்குறவுகளுக்கு உடம்பு சிலிர்க்கணும்" என்றாள் அக்கா.

ஹாலில் விளக்கு கிடையாது. போதகரும் மாலை பஸ்ஸைப் பிடித்து அடுத்த ஊருக்குப் போக வேண்டியிருந்தது. அதனால் வெயில் இறங்குவதற்கு முன்பே கூட்டம் ஆரம்பித்துவிட்டது. கம்பெனிகளில் இன்னும் வேலை விடவில்லை. வந்திருந்தவர்கள் பெரும்பாலும் வீட்டிலிருந்து தீப்பெட்டி ஒட்டும் பெண்களும், கைக்குழந்தைகளும், சில வயசாளிகளும். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வெள்ளைச் சேலையோடு வந்து முன்வரிசை பெஞ்சில் உட்கார்ந்தாள். அப்பா வாசல் ஓரமாக நாற்காலி போட்டுக்கொண்டார். யார் எழுந்து போகிறார்கள் என்று பார்க்க அதுதான் வசதியான இடம்.

பிள்ளைகளின் பாட்டும் வசனமும் முடிந்து நாடகம் ஆரம்பித்தது. நான் சோளத்தைச் சாய்த்தேன். திரைக்கு அந்தப் பக்கம் பேச்சுச் சத்தம் அடங்கியது. அக்கா முதல் வரியைச் சொன்னதும் அது இன்னும் அடங்கியது. திரையாகக் கட்டியிருந்த சேலையில் ஒரு கிழிசல் இருந்தது. அதன் வழியாகப் பார்த்தேன். எல்லாரும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர் வீட்டு அத்தை, நாங்கள் மாட்டு மணி வாங்கி வந்தோமே, அவர், வாயில் சேலைத் தலைப்பை வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். வெற்றிலை துப்ப ஒருவரும் எழவில்லை. அப்பா வாசலைப் பார்ப்பதை விட்டுவிட்டு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றியது.

வண்டி ஆற்றில் இறங்கும் இடம் வந்தது. அக்கா எனக்குக் கையைக் காட்டினாள். நான் உலக்கையை இரண்டு கையாலும் தூக்கி, ஓங்கிப் போட்டேன்.

கல் சுவரும் ஓட்டுக் கூரையும் அந்தச் சத்தத்தை வாங்கி உருட்டித் திருப்பிக் கொடுத்தன. டிரம் என் காலடியில் அதிர்ந்தது. என் வாழ்நாளில் நான் செய்த முதல் பெரிய காரியம் அது. கிழிசல் வழியாகப் பார்த்தபோது அம்மா எழுந்து நின்றிருந்தாள். பெஞ்சைத் தாண்டி வெளியே நடந்தாள். அதைப் பார்த்ததும் மற்றவர்களும் எழுந்தார்கள். "எந்தப் பக்கம்? எந்தப் பக்கம்?" என்று ஒரு குரல். யாரோ ஒரு கம்பெனியின் பேரைச் சொன்னார்கள். அதற்குள் ஹால் காலியாகிக்கொண்டிருந்தது. கைக்குழந்தையைப் பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளிவிட்டு ஓடினார்கள். எதிர் வீட்டு அத்தையின் செருப்பு வாசலிலேயே கிடந்தது.

அக்கா திரையைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடி, "இது நாடகம், நாடகம்" என்று கத்தினாள். கேட்பதற்கு அங்கே குழந்தைகளும் வயசாளிகளும்தான் இருந்தார்கள். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு கம்பெனி ரோட்டில் அவர்களுக்குப் பின்னால் போனார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இத்தனை நேரம் உட்கார்ந்திருந்தவர்கள் இடி இடித்ததும் ஓடிப்போனால் என்ன அர்த்தம்? ஒரு இடிக்கு இவ்வளவு பயமா? "தோத்துட்டோமா அக்கா?" என்று கேட்டேன். அவள் முகம் சுண்ணாம்பு போல இருந்தது. சுவரில் சாய்ந்து நின்றவள், விட்டுப்போன குழந்தைகளில் அழுத ஒன்றைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

அப்பா ரோட்டிலேயே அவர்களை மறித்து விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். ஆனாலும் பாதிப் பேர் நம்பாமல் கம்பெனி வாசல்வரை போய், உள்ளே இருந்தவர்களைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்கள். எதிர் வீட்டு அத்தை தன் மகளைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தார். அந்த மதினியின் முழங்கைவரை வெள்ளி நிறப் பொடி ஒட்டியிருந்தது. எல்லாரும் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். அவ்வளவு சிரிக்க என்ன இருந்தது என்று தெரியவில்லை.

அத்தை நேராக அக்காவிடம் வந்தார். அடிப்பாரோ என்று நினைத்தேன். இடுப்பிலிருந்த குழந்தையை வாங்கிக்கொண்டு, "எங்க உசுரக் கையில எடுத்துப் பாத்துட்டியே தாயி" என்றார். பிறகு தரையில் உட்கார்ந்து, மகளையும் இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். "சரி, அந்தப் புள்ள பொளச்சுதா, இல்லையா? மேல சொல்லு."

அக்கா திரைக்குப் பின்னால் போகவில்லை. முன்னால் வந்து நின்றாள். "பயப்படாதீக. இனிமே இடிச் சத்தம் வராது. அந்த இடம் வரும்போது நான் வாயால சொல்லிருதேன்." அப்பா டிரம்மை வெளியே உருட்டிக்கொண்டு போனார். என் இடியை என்னைக் கேட்காமலே எடுத்துப் போய்விட்டார்கள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். ஆனால் மழை என்னிடம்தான் இருந்தது, நான் இல்லாமல் ஆறு ஓடாது. அதனால் மறுபடி முறத்தை எடுத்தேன்.

வண்டி கரையேறியது. குழந்தை பிழைத்தது. யாரும் எழுந்து போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஆரம்பித்தார். "பந்தயம்னா பந்தயம்தான். நடுவுல எந்திரிச்சுப் போயிட்டாங்க."

"திரும்பி வந்து உக்காந்தாகல்ல?"

"அது பந்தயத்துல இல்லை."

"அப்ப நான் தோத்துட்டேன்னே வச்சுக்கோங்க" என்றாள் அக்கா. "ஆனா தமிழ்தான் படிப்பேன்."

"பிறகு எதுக்கு இந்தப் பந்தயம்?"

"நீங்க ஒரு தடவை உக்காந்து கேக்கணும்ல, அதுக்குத்தான்."

அப்போதுதான் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். ஹாலிலிருந்து எழுந்து போனவள் இவ்வளவு நேரம் அங்கேதான் இருந்திருக்கிறாள். தோளில் ஒரு மூட்டை வெள்ளைத் துணி. தரையில் உட்கார்ந்து அதைப் பிரித்து, ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தாள். மடித்துக்கொண்டே, அந்த விவகாரத்தில் முதல் தடவையாகப் பேசினாள்.

"அவ கேக்குறதையே படிக்கட்டும்."

அப்பா ஏன் என்று கேட்கவில்லை. ஜூன் மாதம் அவரே அக்காவை பஸ்ஸில் அழைத்துப்போய் மதுரையில் பி.ஏ. தமிழில் சேர்த்துவிட்டு வந்தார். கெமிஸ்ட்ரி மார்க்கைப் பற்றிப் பஸ்ஸில் யாரிடமும் சொன்னாரா என்று தெரியாது. அக்கா தமிழாசிரியையானாள். அவள் எழுதிய நாடகங்கள் சில, பல தடவை திரும்பி வந்த பிறகு, ரேடியோவில் வரவும் செய்தன.

அன்று மாலை நான் அம்மாவுக்குத் துணி மடிக்க உதவினேன். எல்லாம் துவைத்து வெயிலில் உலர்த்திய துணிகள். ஒன்றில்கூடக் கறை இல்லை.

"எல்லாக் கட்டிலுக்கும் விரிச்சு வச்சேன். வெந்நி போட்டு வச்சேன். வாசல்லயே நின்னேன்" என்றாள் அம்மா, என்னிடமோ அப்பாவிடமோ தெரியவில்லை. "இந்த ஊருக்கு வந்த நாள்ல இருந்து அப்படி ஒரு சத்தம் கேட்டு, ஒருத்தரும் வராம இருந்தது இன்னைக்குத்தான்."

சொல்லும்போது அவள் கண் நிறைந்திருந்தது. இவ்வளவு வேலை செய்தும் ஒரு நோயாளிகூட வரவில்லையே என்று அம்மாவுக்கு வருத்தம்போல என்று நினைத்துக்கொண்டேன். "நாளைக்கு வருவாங்கம்மா" என்று தேற்றினேன்.