ஒண்ணுக்குப் போனியா

சனிக்கிழமை பிற்பகல் மூன்று இருபதுக்கு மகளுக்கு இரண்டாவது வலி மாத்திரையைக் கொடுத்தேன். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, ஏப்ரல் மாதம். மனைவி தன் தங்கையின் பிரசவத்துக்காக வேலூர் போயிருந்தாள். காக்ஸ் டவுன் வீட்டில் நானும் மகளும் மட்டும். அவளுக்குப் பதிமூன்று வயது. முந்தைய நாளிலிருந்து வாந்தி, பேதி, காய்ச்சல். உடம்பெல்லாம் முறிக்கிறது என்றாள். என் முதுகுவலிக்கு வாங்கிய மாத்திரை அட்டையில் மிச்சம் இருந்தது.

"தண்ணி குடிக்கிறியா?"

"குடிச்சா வாந்தி வருதுப்பா."

"அப்ப வேணாம். வயிறு கொஞ்சம் சும்மா இருக்கட்டும்."

இதையும் நான்தான் சொன்னேன். அன்று இரவு மூன்றாவது மாத்திரை. ஞாயிறு காலை நான்காவது.

காய்ச்சலைப் பார்த்து ஒரு தாளில் குறித்துவைத்தேன். எத்தனை முறை வாந்தி எடுத்தாள் என்று கேட்டேன். ஒன்றை மட்டும் கேட்கவில்லை. அவள் பெரியவளாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. அதன் பிறகு குளியலறை சம்பந்தப்பட்ட எதுவும் அம்மாவுக்கும் மகளுக்கும் இடையிலான பேச்சு. அந்தப் பேச்சு வந்தால் நான் செய்தித்தாளை மடித்துக்கொண்டு எழுந்துவிடுவேன். அதை மரியாதை என்று நினைத்திருந்தேன்.

ஞாயிறு மதியம் மனைவி வந்தாள். தோளில் பையோடு கட்டிலருகே போய், மகளின் வீங்கியிருந்த இமைகளைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஒண்ணுக்கு எப்ப போனே?"

"நேத்து காலைல. கொஞ்சம்தான். காபி மாதிரி இருந்துச்சு."

மனைவி என் பக்கம் திரும்பினாள். "நீங்க கேக்கலியா?"

"எப்படிக் கேக்கிறது?"

அவள் ஆட்டோ பிடிக்கச் சொன்னாள்.

மருத்துவமனையில் சிறுநீரக மருத்துவர் கன்னடக்காரர். எங்களுக்காகத் தமிழில் பேசினார். ஒரு தாளின் பின்பக்கத்தில் மெல்லிய குழாய் ஒன்றை வரைந்து, அதன் உட்சுவர் முழுக்கச் செங்கல் அடுக்கியது போல் செல்களைப் போட்டார். சிறுநீரகத்தில் ஓயாமல் உழைப்பவை இவைதான், அதனால் ரத்தம் குறைந்தால் முதலில் தவிப்பவையும் இவைதான் என்றார். வாந்தியிலும் பேதியிலும் உடம்பில் நீர் வற்றி, ரத்தம் வருவது ஏற்கெனவே குறைந்துவிட்டது. அப்போதும் உள்ளே வரும் ரத்தக்குழாயைச் சிறுநீரகம் எப்படியாவது விரித்து வைத்துக்கொள்ளப் பார்க்கும். அதை விரியவிடாமல் செய்தது மாத்திரை.

"சில செல் வீங்கி வெடிச்சிடும். உள்ள இருக்கறது சிந்தினா பக்கத்துல இருக்கறதுக்கும் கெடுதல். சிலது சத்தமே இல்லாம சுருங்கி, தானே முடிச்சுக்கும். செத்தது உதிர்ந்து போயி குழாயை அடைக்கும்."

"எல்லாமே செத்துடுச்சா டாக்டர்?" என்றாள் மனைவி.

"இல்லம்மா. சிலது மயக்கத்துல இருக்கும், எழுந்துக்கும். பிழைச்சது பக்கத்துல காலியான இடத்துக்கு நகர்ந்து படுத்து, மறுபடி பெருகும். எவ்வளவு பிழைச்சிருக்குன்னு இப்ப சொல்ல முடியாது. மூத்திரம் வந்தா சொல்றேன்."

நான் வேறொன்று கேட்டேன். "எத்தனை மணிக்கு செத்துச்சு?"

அவர் தாளை என் பக்கம் தள்ளினார். "அப்படி மணி கிடையாது சார். நேத்து கொஞ்சம். இன்னைக்கு கொஞ்சம். இப்பவும் கொஞ்சம்."

அந்த 'இப்பவும்' என்னை விட்டுப் போகவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் நான் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன். ஸ்கூட்டரைத் துடைத்தேன். அவள் பக்கத்து அறையில் படக்கதைப் புத்தகத்தை வயிற்றின் மேல் கவிழ்த்துவைத்துப் படுத்திருந்தாள். எந்தச் சட்டையை மடிக்கும்போது எது வெடித்தது? சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அவளுக்குமே அது வலித்திருக்காது.

மூன்று முறை டயாலிசிஸ் செய்தார்கள். அவளுடைய ரத்தம் குழாய் வழியே வெளியே போய்த் திரும்பி வந்தது. கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையில், வெளியேறிய சிறுநீரின் அளவை எழுதும் கட்டத்தில் தினமும் சைபர்.

இப்போது அவள் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை செய்கிறாள், பெண்கள் விடுதியில் தங்கியிருக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள். தினமும் போன் செய்து கேட்கிறேன். "அப்பா, மீட்டிங்ல இருக்கேன், இதெல்லாமா கேப்பீங்க" என்று குரலைத் தாழ்த்தித் திட்டுவாள். அவள் வீட்டுக்கு வரும் நாட்களில், குளியலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை என்னால் ஒரு பக்கம் படிக்க முடிவதில்லை.

மருத்துவமனையில் ஒன்பதாம் நாள் காலை மனைவி குளித்துவர வீட்டுக்குப் போயிருந்தாள். நான் வார்டுக்கு வெளியே நடையில் நின்றிருந்தேன். மகளுக்குச் சிறுநீர்ப் பாத்திரம் வைக்கும்போது அப்போதும் வெளியே வந்துவிடுவேன். கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள் நீலசந்திராவிலிருந்து வேலைக்கு வரும் வார்டு ஆயாம்மா. கையில் அளவுக் கோடு போட்ட ஜாடி.

"அம்மா எங்க சார்?"

"வீட்டுக்குப் போயிருக்காங்க. வந்ததும் சொல்லுங்க."

"அவங்க வர்ற வரைக்கும் இத புடிச்சுனே நிக்கணுமா? உங்க பொண்ணு எங்க ஏரியா தண்ணி கொழா மாதிரி சார், இத்தினி நாளு காக்க வெச்சு இப்பதான் தொறந்துச்சு. அந்தப் பக்கம் என்னா பாக்கறீங்க, இங்க பாருங்க. அறுபது மில்லி. போயி அட்டையில எழுதுங்க."