கொடி இறக்கிய மதியம்

கிணற்றில் குடம் விழுந்தாலும் மாடு விழுந்தாலும், சில சமயம் ஆளே விழுந்தாலும், செஞ்சியில் முதலில் ஓடுவது சர்தார் வீட்டுக்குத்தான். செட்டிக்குளத்தில் குதித்துக் குதித்துப் பழகிய உடம்பு. மூச்சடக்கி இறங்கினானென்றால் வெறுங்கையோடு ஏறமாட்டான். மற்ற நாட்களில் பஸ் ஸ்டாண்டு எதிரே மாமா மஜீதின் கடையில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுவான்.

கோட்டை பார்க்க வந்த யாரோ அவன் நீந்துவதைக் கண்டு சொல்லித்தான் பாண்டிச்சேரியில் அந்த வேலை கிடைத்தது. வெள்ளைக்காரன் காலத்து வியாபாரி ஒருவனின் மாளிகையைப் புதுப்பித்து, கடலைப் பார்த்த மாதிரி ‘பவளக்கரை’ என்று ஓட்டல் கட்டியிருந்தார்கள். பளிங்குத் தரை, தேக்குக் கதவு, தோட்டத்தில் நீச்சல் குளம், அதைத் தாண்டினால் மணல், மணலைத் தாண்டினால் கடல். குளத்தையும் கரையையும் பார்த்துக்கொள்வது சர்தார் வேலை. கடல் சரியில்லாத நாளில் கரையோரக் கம்பத்தில் சிவப்புக் கொடி ஏற்ற வேண்டும். யாரையும் தண்ணீரில் விடக்கூடாது. மூன்று வருஷம் அதில் ஒரு குறை வரவில்லை. ஊருக்கு வந்தால் மனைவி அசீசுன்னிசாவிடம் அந்த ஓட்டலின் படுக்கை விரிப்பைப் பற்றியே அரைமணி நேரம் பேசுவான்.

எண்பத்தைந்தாம் வருஷம் ஐப்பசியில் அவலூர்பேட்டையிலிருந்து ஒரு தம்பதி வந்து இறங்கினார்கள். மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்த துரைராஜ், அவன் மனைவி மனோரமா. கல்யாணமாகி எட்டு வருஷம், குழந்தை இல்லை. கடலையே பார்த்ததில்லை என்று அவள் ஒருநாள் சொன்னதற்காகவே கூட்டிக்கொண்டு வந்திருந்தான். சர்தார் பேச்சைக் கேட்டதுமே துரைராஜுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“இன்னா பாய், நம்ம பக்கமா?”

“செஞ்சிங்க.”

“அடடே! மனோ, இங்க பாரு, நம்மூரு ஆளு. இவ்ளோ பெரிய ஓட்டல்ல நமக்கும் ஒரு சொந்தக்காரரு இருக்காரு.”

மறுநாள் கடல் கறுத்துக் கிடந்தது. காலையிலேயே சர்தார் கொடியை ஏற்றிவிட்டான். மதியம் மானேஜர் அரங்கநாதன் வந்தார். சாயங்காலம் வெளிநாட்டு விருந்தாளிகளுக்குத் தோட்டத்தில் தேநீர் விருந்து. இப்போது போட்டோ எடுக்க ஆள் வந்திருந்தான்.

“அத எறக்கு. படத்துல அசிங்கமா தெரியுது.”

“சார், கடல் இழுக்குது சார்.”

“ஒரு மணி நேரந்தான். எவன் எறங்கப் போறான்? நீ போய் நாற்காலிய எடுத்துப் போடு.”

கொடியை இறக்கி மடித்து வைத்துவிட்டுச் சர்தார் நாற்காலி சுமக்கப் போனான். எட்டாவது நாற்காலியோ ஒன்பதாவதோ, அவன் தூக்கியபோதுதான் கரையில் அலறல் கேட்டது. போட்டது போட்டபடி ஓடினான். மனோரமா முழங்கால் தண்ணீரில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். சர்தார் பாய்ந்தான். குளத்துத் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும், கடல் அப்படியா? மூன்று முறை புரட்டிக் கரையில் எறிந்தது. நாலாவது முறை துரைராஜின் சட்டை கையில் சிக்கியது. இழுத்துப் போட்டு வயிற்றை அமுக்கினான், வாயில் ஊதினான். ஒன்றும் நடக்கவில்லை.

“கால நனச்சிட்டு வரேன்னுதான் போனாரு,” என்றாள் மனோரமா. “எறங்காதன்னு ஒருத்தரும் சொல்லலியே பாய்.”

ஆறு மணிக்கு மானேஜர் தம் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் டைப் அடித்த காகிதம் இருந்தது. கொடி பறந்துகொண்டிருந்தது, கணவனும் மனைவியும் வாய்ச்சண்டை போட்டார்கள், அந்தக் கோபத்தில் அவர் கடலில் இறங்கினார், நான் தடுத்தும் கேட்கவில்லை. இப்படிச் சர்தாரே சொன்னதாக எழுதியிருந்தது.

“சார், சண்ட எதுவும் போடலியே அவங்க.”

“நீ அங்க இருந்தியா?”

“இல்ல சார். நீங்கதான நாற்காலி எடுக்க…”

“அப்ப காவலுக்கு இருக்க வேண்டியவன் அங்க இல்ல. ஒரு உசுரு போயிடுச்சி. போலீசு மொதல்ல யார புடிக்கும்?”

அசீசுன்னிசாவுக்கு அப்போது ஏழாம் மாசம். சர்தார் கையெழுத்துப் போட்டான். பிறகு போலீஸ்காரர் கேட்டபோதும் அதையே சொன்னான். வராந்தாவில் உட்கார்ந்திருந்த மனோரமா நிமிர்ந்து அவனையே பார்த்தாள்.

வேலை நிலைத்தது. மகன் ஜான் பாஷா பிறந்தான். அடுத்த ரம்ஜானுக்கு ஊர் வந்தபோது, குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே அசீசுன்னிசா ஒரு கதை சொன்னாள்.

“பஸ்சுல பேசிக்கினாங்க. அவலூர்பேட்டையில ஒருத்தி புருசனோட சண்ட போட்டே அவன கடல்ல தள்ளிட்டாளாம். மாமனாரு வீட்ட விட்டுத் தொரத்திட்டாராம். தொண்டூர்ல அண்ணன் வூட்ல கெடக்குறாளாம். இப்பிடியும் ஒரு பொம்பளயா?”

சர்தார் கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே போட்டான். நடந்ததையெல்லாம் சொன்னான். அவள் குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு, “வெளிய சொல்லாதீங்க. நமக்கு ஒரு புள்ள இருக்குது” என்றாள்.

அவன் ஓட்டலுக்குத் திரும்பவில்லை. மாமா கடையிலேயே உட்கார்ந்தான். ஒன்றரை வருஷம் மனைவி சொன்னபடி வாயைக் கட்டியிருந்தான். ராத்தூக்கம் போயிற்று, சாப்பாடு குறைந்தது, கிணற்றுக்குக் கூப்பிட்டவர்களிடம் இப்போதெல்லாம் மூச்சடக்க முடியவில்லை என்று சொல்லி அனுப்பினான். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடித்தவன், கடைக்குப் போகாமல் சைக்கிளைத் தொண்டூருக்கு மிதித்தான்.

மனோரமா களத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். ஆளே பாதியாகியிருந்தாள். அவன் நின்றபடியே சொல்லி முடித்தான். அவள் கை நிற்கவில்லை.

“இத எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எனக்குத் தெரியாததா?” என்றாள். “எம் மாமனாரு கிட்ட சொல்லுங்க. கடைத்தெருவுல, நாலு பேரு முன்னாடி.”

மறுநாளே போனான். அவலூர்பேட்டையில் மாமனார் கலியபெருமாள் மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்தார். சந்தை நாள், நல்ல கூட்டம். சர்தார் உரக்கவே சொன்னான்: கொடி இல்லை, காவல் இல்லை, சண்டை இல்லை, நான் சொன்னது பொய். பெரியவர் காலில் கிடந்ததைக் கழற்றி மாறி மாறி அடித்தார். சர்தார் கையை உயர்த்தவில்லை. அடித்து ஓய்ந்ததும் மூட்டைமேல் சரிந்து உட்கார்ந்தார்.

“அப்ப எம் புள்ள மனசு வெறுத்துச் சாவலியா?”

“இல்லீங்க. கால நனைக்கத்தான் எறங்கனாரு. காலையில கூட சிரிச்சிக்கினுதான் இருந்தாரு.”

கிழவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மருமகளை அழைத்து வரச் சொல்லிப் பக்கத்துக் கடைக்காரர்கள் எடுத்துச் சொன்னார்கள். “எந்த மூஞ்ச வெச்சிக்கினு கூப்புடுவேன்?” என்றார். ஆள் விட்டுத்தான் கேட்டார். அவள் வர மறுத்துவிட்டாள். கணவன் போட்டோ ஒன்று அந்த வீட்டுச் சுவரில் இருந்தது. அதை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சர்தார் பாண்டிச்சேரிக்கும் போனான். ஸ்டேஷனில் இருந்தவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “கேஸ் மூடி ரெண்டு வருசமாச்சு. இப்ப எழுதிக் குடுத்தா உள்ள போறது நீதான்யா. ஊட்டுக்குப் போ.” சர்தார் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தான். அவனை உள்ளே தள்ளவும் இல்லை, மானேஜரை யாரும் கூப்பிட்டுக் கேட்கவும் இல்லை. ஓட்டலுக்குப் பக்கத்தில் இன்னொரு மாடி எழும்பிக்கொண்டிருந்தது.

ஊரில் அவனுக்குப் ‘பொய்ச்சாட்சி’ என்று பெயர் விழுந்தது. மஜீத் கடைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். அசீசுன்னிசா குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்வீடு போய், நாலு மாசம் கழித்துத் தானே வந்தாள். சேர்ந்து இருந்தார்கள், பேச்சு மட்டும் அளவாகிப் போயிற்று.

எண்பத்தொன்பதில் மனோரமாவின் அண்ணன் ஒருநாள் கடையில் சைக்கிளை நிறுத்தினார். சர்தார் டியூபைக் கழற்றி, ஒட்டி, காற்றடித்துக் கொடுத்தான். பிறகுதான் தைரியம் வந்து, “தங்கச்சி எப்பிடி இருக்காங்க?” என்று கேட்டான்.

“தையல் மிஷினு வாங்கியிருக்குது. தைக்குது,” என்றார் அவர். “உன்னப் பத்தி மட்டும் எங்க வூட்ல பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்குது.”

சர்தார் தலையாட்டினான். அவர் ஏறிப் போய்விட்டார்.